கீழே கிரானைட், மேலே மணற்கல்: எது முந்தியது என்று எப்படித் தெரியும்?

டர்பனின் சேட்ஸ்வர்த்திலிருந்து வந்த கேள்வி இது. கேப் டவுனுக்கு விடுமுறைக்குப் போன குடும்பம் சாப்மன்ஸ் பீக் சாலையில் காரை நிறுத்திப் பார்த்திருக்கிறது. கீழே கிரானைட், மேலே தட்டையான மணற்கல் அடுக்குகள், நடுவில் நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு. நிலவியல் முதலாண்டு படிக்கும் மகள், "கிரானைட் குழம்பாக உள்ளிருந்து வருவதுதானே? மணற்கல் முதலிலேயே இருந்து, கிரானைட் அதன் அடியில் பிறகு புகுந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறாள். பாடத்தில் அன்கன்ஃபார்மிட்டி என்று வரும் இந்த விஷயத்தை டர்பன் பக்கத்திலேயே பார்க்க முடியுமா என்பது அப்பாவின் கேள்வி.

அங்கே கிரானைட்தான் மூத்தது. சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், மால்ம்ஸ்பரி என்ற பழைய படிவுகளுக்குள் புகுந்து மெல்ல ஆறிய பாறை அது. அதற்கு மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய், கிரானைட்டே வெளியே தெரியும் தரையான பிறகு, அந்தத் தரையின்மேல் ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலும் சேறும் படியத் தொடங்கின. நீங்கள் பார்த்த கோடு அந்தப் பழைய தரையின் குறுக்குவெட்டு. இப்படி அரிப்பாலோ படிவு நின்றுபோனதாலோ காலம் விடுபட்டுப்போன பரப்பைத்தான் இயைபின்மை (அன்கன்ஃபார்மிட்டி) என்கிறோம். கோடு மெல்லியதா தடித்ததா என்பதற்கும் விடுபட்ட காலத்துக்கும் சம்பந்தமில்லை. சாப்மன்ஸ் பீக்கில் விடுபட்டது சில கோடி ஆண்டுகள். டர்பனுக்கு மேற்கே, அதேபோலத் தெரியும் கோட்டில் விடுபட்டது ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகள். கிம்பர்லி அருகே நூயிட்கெடாக்டில் 270 கோடி ஆண்டு மூத்த எரிமலைப் பாறைமேல் 30 கோடி ஆண்டுப் பனிப்பாறைப் படிவு உட்கார்ந்திருக்கிறது. பூமியின் வயதில் பாதிக்கு மேல் அந்த ஒரு பரப்பில் இல்லை.

மகளின் சந்தேகம் சாதாரணமானதல்ல. களத்தில் எந்தத் தொடுகோட்டையும் (இரு பாறைகள் தொட்டுக்கொள்ளும் கோடு) இயைபின்மை என்று எழுதுவதற்கு முன் மூன்று மாற்று விளக்கங்களைத் தள்ளிவிட வேண்டும்: கீழ்ப்பாறை பிறகு புகுந்தது, இரண்டும் பிளவுப்பெயர்ச்சியால், அதாவது பாறை பிளந்து நகர்ந்ததால், பக்கத்தில் வந்தவை, இரண்டும் ஒரே படிவுக்குள் வரும் சாதாரண மாற்றம். பாறைக்கு அருகில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டு வந்தால் தீராது.

புகுந்த கிரானைட்டும் அரிக்கப்பட்ட கிரானைட்டும்

இந்த வேறுபாட்டைக் கற்க கேப் தீபகற்பத்தைவிட வசதியான இடம் குறைவு. புகுந்த தொடுகோடு எப்படி இருக்கும் என்பதை சீ பாயிண்ட் கடற்கரைப் பாறைகளில் பார்க்கலாம். 1836 ஜூனில் பீகிள் கப்பல் இங்கே நின்றபோது சார்லஸ் டார்வின் பார்த்துக் குறிப்பெழுதிய இடம் அது. அங்கே வெளிர்நிறக் கிரானைட், கரும்சாம்பல் மால்ம்ஸ்பரிப் பாறைக்குள் நாக்கு நாக்காக நீண்டிருக்கிறது. கரும்பாறையின் துண்டுகள் கிரானைட்டுக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கின்றன. தொடுகோட்டை நெருங்க நெருங்கக் கரும்பாறை சூட்டில் வெந்து, சுத்தியல் பட்டால் கணீரென்று ஒலிக்கும் ஹார்ன்ஃபெல்ஸாக மாறியிருக்கிறது. எது எதற்குள் மாட்டியிருக்கிறதோ, மாட்டியிருப்பது மூத்தது. இந்த ஒரு விதி நிலவியலில் பாதி வழக்குகளைத் தீர்த்துவிடும்.

இப்போது சாப்மன்ஸ் பீக்குக்கு வாருங்கள். கிரானைட்டின் மேல் முதலில் இருப்பது கிராஃப்வாட்டர் அடுக்கு: செம்மண் நிறச் சேற்றுப்பாறையும் மெல்லிய மணற்கல்லும் மாறி மாறி, மொத்தம் 60–70 மீட்டர். அதற்கும் மேலே டேபிள் மவுண்டனின் செங்குத்துப் பாறையாக நிற்கும் பெனின்சுலா மணற்கல். கிரானைட் பிறகு சூடாக வந்திருந்தால் அந்தச் சிவப்புச் சேற்றுப்பாறைதான் முதலில் வெந்திருக்கும், ஏனென்றால் களிமண் சூட்டுக்கு உடனே கனிமம் மாறும். அது வேகவில்லை. அலைத்தடமும் வெயிலில் வெடித்த சேற்று வெடிப்பும் அப்படியே இருக்கின்றன. கிரானைட்டிலிருந்து ஒரு நரம்புகூட மேலே ஏறவில்லை. மாறாக, கிரானைட்டுக்குள் ஓடும் குவார்ட்ஸ் நரம்புகளைப் பின்தொடர்ந்தால் அவை அந்தப் பரப்போடு நின்றுவிடும். மேலடுக்கின் அடிமட்டத்தில் குவார்ட்ஸ் கூழாங்கல்லும் பருமணலும் கிடக்கும். அது கிரானைட் உதிர்ந்து கிடைத்த சரக்கு. கிரானைட்டின் விளிம்பில் நுண்மணியாக உறைந்த பட்டையும் இல்லை, ஃபெல்ஸ்பார் படிகங்கள் பரப்பு வரை பெரிதாகவே இருந்து அங்கே அறுபடுகின்றன. குளிர்ந்த பாறையைத் தொட்ட குழம்பு விளிம்பில் சீக்கிரம் உறைந்து நுண்மணியாகும். அந்தப் பட்டை இல்லாததும் ஒரு சாட்சி. ஆனால் ஆழத்தில் சுற்றுப்பாறையே சூடாக இருந்தால் புகுந்த கிரானைட்டிலும் பட்டை வராது என்பதால் இதைத் தனியாக நம்பக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. தீபகற்பத்தில், விரிசலில் குழம்பு ஏறி உறைந்த டோலரைட் டைக்குகளும் உண்டு, சுமார் 13.2 கோடி ஆண்டு வயது, கரும்பச்சை நிறம், செங்குத்தான சுவர் மாதிரி. அவற்றைப் பார்த்துவிட்டு "இதோ சூடான பாறை ஏறியிருக்கிறதே" என்று குழம்ப வேண்டாம். அவை கிரானைட்டுக்கும் மணற்கல்லுக்கும் மிகவும் பிந்தியவை. தென்கண்டங்கள் ஒன்றாக இருந்த கோண்ட்வானா உடைந்தபோது வந்தவை.

சில்லா, லாவாவா?

குவாசூலு-நடால் உள்பகுதியில் இந்தக் கேள்வி வேறு உருவத்தில் வரும். கரூ என்ற பெரிய படிவுத் தொகுதிக்குள் டோலரைட் தகடுகள் நிறைய. அடுக்குக்கு இணையாகப் பிறகு புகுந்த சில்லா, அந்தக் காலத்துத் தரையில் வழிந்த லாவாவா என்று பார்க்க வேண்டும். லாவா என்றால் அதன் மேற்பரப்பு ஒரு தரையாக இருந்திருக்கும், அங்கே இயைபின்மைக்கு வாய்ப்புண்டு. சில் என்றால் இல்லை. சில் மேலேயும் கீழேயும் இருக்கிற ஷேலை (தகடுதகடாகப் பிளக்கும் சேற்றுப்பாறை) வேகவைத்திருக்கும், லாவா கீழே மட்டும். லாவாவின் மேல்பகுதியில் வாயுக்குமிழித் துளைகள், சிவந்த உதிரல், அதன்மேல் வரும் மணற்கல்லின் அடியில் லாவாத் துண்டுகள் இருக்கும். சில்லின் மேல்பகுதியில் இவை இருக்காது. அதற்கு மேலுள்ள ஷேலின் துண்டுகள் சில்லுக்குள் கிடக்கும். மேல் தொடுகோட்டைக் கண்ணால் பார்க்காமல் கீழ்த் தொடுகோட்டை மட்டும் வைத்து முடிவு சொல்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள், ஏனென்றால் கீழே இரண்டுமே வெந்திருக்கும்.

பிளவுப்பெயர்ச்சி

டர்பன் பக்கம் அதிகம் ஏமாற்றுவது இதுதான். கோண்ட்வானா உடைந்தபோது கடற்கரைப் பட்டை முழுவதும் துண்டு துண்டாகப் பெயர்ந்தது. அதனால் நடால் மணற்கல்லும் அதைவிட இளைய பனிப்பாறைப் படிவான டுவைக்காவும் பக்கம்பக்கமாக இருக்கும் பல இடங்கள் பிளவுப்பெயர்ச்சியே தவிர பழைய தரை அல்ல. தொடுகோடு செங்குத்தாகவோ 60 பாகைக்கு மேல் சரிவாகவோ இருந்தால் முதலில் பிளவையே சந்தேகிக்கலாம். நொறுங்கிய பாறைத் துண்டுகள், அரைபட்ட களிமண் பட்டை, வழவழப்பான உராய்வுத் தளம், தொடுகோட்டை நெருங்கும்போது அடுக்குகள் இழுபட்டு வளைதல் ஆகியவை பிளவின் அடையாளங்கள். அங்கே கிடக்கும் துண்டுகள் இரு பக்கப் பாறையிலிருந்தும் வந்திருக்கும், கோணல்மாணலாக இருக்கும். இயைபின்மையின் அடியில் கிடக்கும் கூழாங்கல் கீழ்ப்பாறையிலிருந்து மட்டும் வரும், அல்லது ஆறு எங்கிருந்தோ கொண்டுவந்ததாக இருக்கும். மேலடுக்கின் துண்டு அதில் ஒருபோதும் இராது, ஏனென்றால் மேலடுக்கு அப்போது பிறக்கவே இல்லை.

சிக்கலான நிலையும் உண்டு. கெட்டிப் பாறைமேல் மென்பாறை உட்கார்ந்த பழைய தரை பலவீனமான தளம். பின்னாளில் நிலம் அழுத்தப்படும்போது நழுவல் அந்தத் தளத்திலேயே நடக்கும். அப்போது உராய்வுக் கோடும் அடிக்கூழாங்கல்லும் ஒரே இடத்தில் கிடைக்கும். "இயைபின்மை, பிறகு நழுவியது" என்று இரண்டையும் எழுதுவதே சரி. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சாய்ந்த அடுக்கெல்லாம் கோண இயைபின்மை அல்ல

கீழடுக்குகள் சாய்ந்து, அறுபட்டு, அவற்றின் தலைமேல் மேலடுக்கு கிடையாகப் படிந்திருந்தால் கோண இயைபின்மை. 1788இல் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயிண்டில் ஜேம்ஸ் ஹட்டன் காட்டியது இந்த வகை. மாணவர்கள் இதை வேகமாகக் கற்றுக்கொள்வார்கள், பிறகு எல்லா மணற்கல்லிலும் பார்ப்பார்கள். காரணம் குறுக்கடுக்கு. ஆற்று மணல்திட்டு நகரும்போது அதன் சரிவு முகத்தில் மணல் 25–30 பாகைச் சாய்வில் படியும். அதன் தலையை அடுத்த வெள்ளம் சீவிவிட்டு மேலே புது மணலைப் போடும். பார்க்க அச்சாகக் கோண இயைபின்மைதான், ஆனால் விடுபட்ட காலம் ஒரு மழைக்காலமாக இருக்கலாம். நடால் மணற்கல்லிலும் பெனின்சுலா மணற்கல்லிலும் இது கண்ட இடமெல்லாம் உண்டு.

பிரித்தறிய மூன்று விஷயம் போதும். சாய்ந்த கோடுகள் ஒரே படுகைக்குள், சில பத்து சென்டிமீட்டரிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடுகின்றனவா? அடியில் போகப்போக வளைந்து தரையைத் தடவுவதுபோல் மறைகின்றனவா? அந்தப் படுகைக்கு மேலும் கீழும் உள்ள பெரிய அடுக்குகள் ஒன்றுக்கொன்று இணையா? மூன்றுக்கும் ஆம் என்றால் குறுக்கடுக்கு. உண்மையான கோண இயைபின்மையில் கீழ்க் கட்டு முழுவதும், சேற்றுப்பாறை அடுக்குகள் உட்பட, ஒரே சாய்வில் இருக்கும். சேறு 30 பாகைச் சரிவில் தானாகப் படியாது. ஆகவே சாய்வை அளக்க மணற்கல்லைவிடச் சேற்றுப்பாறை அடுக்கையே தேடுங்கள்.

அளப்பது பற்றி. மேலே ஒரு 10 அளவு, கீழே ஒரு 10 அளவு, தொடுகோட்டு நெடுகிலும் பரவலாக எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் எடுத்த ஒற்றை அளவில் 3–5 பாகை வித்தியாசம் வந்தால் அது அடுக்கின் மேடுபள்ளமாகவே இருக்கலாம். சராசரியில் தொடர்ந்து வந்தால்தான் பேச வேண்டும். தென்னாப்பிரிக்காவில் திசைகாட்டி முள் உண்மை வடக்கிலிருந்து ஏறக்குறைய 25 பாகை மேற்கே காட்டும். திருத்தாமல் எழுதினால் வரைபடமே திரும்பிவிடும். இந்தியாவிலிருந்து வாங்கிவந்த திசைகாட்டி இங்கே இன்னொரு தொல்லை. நம் அட்சரேகையில் காந்தப் புலம் செங்குத்தாக அதிகம் சாய்வதால், வேறு மண்டலத்துக்குச் சமநிலைப்படுத்திய முள் ஒரு பக்கம் தாழ்ந்து கூட்டில் உரசும். தெற்குக் கோளத்துக்கென்று செய்ததை, அல்லது எல்லா மண்டலத்துக்கும் பொருந்துவதை வாங்குங்கள். டோலரைட்டின் மேல் வைத்து எதையும் அளக்காதீர்கள், அதிலுள்ள காந்தக் கனிமம் முள்ளை இழுக்கும்.

கீழடுக்கு 40 பாகை, மேலடுக்கு 10 பாகை, இரண்டும் கிழக்கே சாய்வு என்றால், மேலடுக்கு படிந்த காலத்தில் கீழடுக்கு 30 பாகை சாய்ந்திருந்தது. கழித்தல் கணக்கு செல்லுவது சாய்வுத் திசை ஒன்றாக இருக்கும்போது மட்டும். திசை மாறினால் ஸ்டீரியோநெட்டில் (சாய்வுகளைக் குறிக்கும் வட்ட வரைதாள்) மேலடுக்கைக் கிடையாக்கிச் சுழற்றித்தான் கீழடுக்கின் பழைய நிலையைப் பெற வேண்டும். தேர்வுத்தாளில் இங்கே மதிப்பெண் போகும்.

பழைய மண்

இயைபின்மைக்கு என்னைப் பொறுத்தவரை மிக வலுவான சாட்சி, தரைக்கு அடியில் புதைந்துபோன மண். ஒரு பரப்பு வெயிலிலும் மழையிலும் நீண்ட காலம் கிடந்தால் பாறை உளுத்துப்போகும். கீழேயிருந்து மேலே ஏறிவந்தால் வரிசை தெரியும்: முதலில் திடமான கிரானைட், பிறகு விரிசல்களில் மட்டும் உளுத்து, நடுவில் உருண்டையான கருக்கல் மிஞ்சியது, பிறகு ஃபெல்ஸ்பார் வெண்களிமண்ணாகிவிட்டது, காக்காய்ப்பொன் பழுப்பாகிவிட்டது, குவார்ட்ஸ் மணி மட்டும் அப்படியே, கடைசியாக எந்தப் படிக ஒழுங்கும் இல்லாத சிவப்பு அல்லது பச்சைக் களி. அதன்மேல் சட்டென்று கூழாங்கல்லோடு மேலடுக்கு. 10 மடங்கு கைலென்ஸில் ஃபெல்ஸ்பாரைப் பாருங்கள். புதுப் பாறையில் பளபளவென்று தட்டையான முகம் தெரியும், உளுத்ததில் மங்கி, கத்தி முனைக்கு உதிரும்.

ஒரு நியாயமான ஆட்சேபம் வரும்: இந்த உளுத்தல் இன்றைய மழையால் ஏன் வந்திருக்கக் கூடாது? வரலாம், அடிக்கடி அப்படித்தான் வருகிறது. மணற்கல் விரிசல் வழியாக இறங்கும் நீர் கிரானைட்டைத் தொட்டதும் கீழே போக வழியின்றிப் பக்கவாட்டில் ஓடி, தொடுகோட்டிலேயே ஊற்றாகக் கசியும். அந்த நீரும் கிரானைட்டை உளுக்கும். பழையதா புதியதா என்று பார்க்க, உளுத்த பட்டை எதற்கு இணையாகப் போகிறது என்று கவனியுங்கள். இன்றைய மலைச்சரிவைத் தொடர்ந்தால் புதியது. மணற்கல்லுக்கு அடியில் மலைக்குள்ளும் அதே தடிமனில் போகிறது என்று ஆழ்துளை காட்டினால் பழையது. உளுத்த களியின் உருண்டைகள் மேலடுக்கின் அடியில் கூழாங்கல்லோடு கிடந்தால் விவாதமே இல்லை.

ஆய்வகத்தில் இதையே எண்ணாக்கலாம். அலுமினியம் ஆக்சைடின் மோல் அளவை, அதோடு கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் மோல் அளவுகளையும் கூட்டிய தொகையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் வேதி உளுத்தல் குறியீடு வரும். கால்சியத்தில் சிலிக்கேட் கனிமத்தில் உள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். சுண்ணாம்புக் கால்சியத்தைச் சேர்த்தால் விடை தாழ்ந்துவிடும். புதுக் கிரானைட்டுக்கு 50ஐ ஒட்டி, முழுக் கயோலினுக்கு (வெண்களிமண்) 100ஐ ஒட்டி. பழைய மண்ணில் கீழிருந்து மேலே அது ஏறிக்கொண்டே போக வேண்டும். பல கோடி ஆண்டு புதைந்து கிடந்த மண்ணில் நீர் பொட்டாசியத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடும், அதனால் எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும். பொட்டாசியம் மேலே போகப்போகக் கூடினால் இதுதான் காரணம். ம்புமலாங்காவில் வாட்டர்வால் ஒண்டர் அருகே ஹெக்போர்ட் லாவாவின் மேல் உள்ள சுமார் 220 கோடி ஆண்டு மண் இப்படிப்பட்ட பரிசோதனைக்குப் பேர்போனது. அந்தக் காலத்துக் காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்ற வாதத்தில் அதன் இரும்பை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

இரண்டு பக்கமும் இணையாக இருந்தால்

மேலும் கீழும் படிவுப் பாறை, இரண்டும் கிடை, நடுவில் அரிப்பு மட்டும் என்றால் டிஸ்கன்ஃபார்மிட்டி. அரிப்பு அடையாளம்கூட இல்லாமல், படிவு நின்று மட்டும் போயிருந்தால் பாராகன்ஃபார்மிட்டி. (கிரானைட், நைஸ் போன்ற படிகப் பாறைமேல் படிவு இருந்தால் அதன் பெயர் நான்கன்ஃபார்மிட்டி, சாப்மன்ஸ் பீக் இந்த வகை.) இணையானவையே கண்டுபிடிக்கக் கடினம். கரூ படிவில் பர்கர்ஸ்டார்ப் அடுக்கின்மேல் மொல்டெனோ படிந்த இடம் நல்ல எடுத்துக்காட்டு. சாய்வு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தெரிவது என்ன? கீழே சிவப்பும் பச்சையுமான சேற்றுப்பாறை, அதில் சைனோக்நேத்தஸ் போன்ற விலங்குகளின் எலும்பு. மேலே சட்டென்று பருமணிச் சாம்பல் மணற்கல், முற்றிலும் வேறான தாவரப் புதைபடிவம். நடுவில் வர வேண்டிய உயிரினத் தொகுதி எங்குமே இல்லை. மற்ற நாடுகளில் அந்தத் தொகுதிகள் இருப்பதை வைத்துத்தான் இங்கே காலம் விடுபட்டிருக்கிறது என்று தெரிகிறது.

புதைபடிவம் இல்லாத பழைய பாறையில் சிர்கான் என்ற கனிமம்தான் வழி. மேலடுக்கின் அடியிலிருந்து 2–5 கிலோ மணற்கல்லை எடுத்து, அரைத்து, சிர்கான் மணிகளைப் பிரித்து, யுரேனியம்-ஈய முறையில் ஒவ்வொரு மணிக்கும் வயது பார்ப்பார்கள். ஒரு மூலப் பகுதியிலிருந்து 5 சதவீதச் சரக்கு வந்திருந்தாலும் அதைத் தவறவிடாமல் இருக்க ஏறக்குறைய 117 மணி அளக்க வேண்டும் என்பது புள்ளியியல் கணக்கு. கிடைத்த மிக இளைய மணிகளின் வயதைவிட அடுக்கு மூத்ததாக இருக்க முடியாது. அவ்வளவுதான் அது சொல்லும். அடுக்கு அதைவிட எவ்வளவு இளையது என்பதைச் சொல்லாது. மணி மலையில் பிறந்து பல கோடி ஆண்டு கழித்தும் ஆற்றில் வந்து சேரலாம். ஒற்றை மணி மட்டும் இளமையாகக் காட்டினால் அது ஈயம் கசிந்த மணியாக இருக்கக் கூடும், குறைந்தது மூன்று மணிகளாவது பிழை எல்லைக்குள் ஒத்துவந்தால்தான் எடுத்துக்கொள்வது வழக்கம்.

இதெல்லாம் புத்தகச் சமாசாரம் அல்ல. ஜோஹானஸ்பர்க் நகரம் எழுந்ததே இத்தகைய பரப்புகளின்மேல்தான். விட்வாட்டர்ஸ்ராண்டில் ரீஃப் என்று சுரங்கக்காரர்கள் சொல்வது அரிப்புப் பரப்பில் கிடக்கும் கூழாங்கல் பட்டை, பல இடங்களில் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆறு பழைய படிவை அரித்துத் திரும்பத் திரும்பப் புடைத்ததில் கனமான தங்கம் அடியில் தங்கியது. வென்டர்ஸ்டார்ப் கான்டாக்ட் ரீஃப் சாய்ந்த பழைய அடுக்குகளைக் கோணத்தில் வெட்டிப் போகிறது, அதன்மேல் லாவா மூடியிருக்கிறது. அதற்கும் பிந்திய பிளாக் ரீஃப் பழைய தங்க ரீஃப்களை வெட்டிச் சென்ற இடங்களில் வளமாகவும் மற்ற இடங்களில் வறண்டும் இருக்கிறது. எனவே கீழ் ரீஃப் பரப்பில் போய் முட்டும் கோட்டை வரைபடத்தில் சரியாகப் போடாத சுரங்கம், இல்லாத ரீஃபை நோக்கிச் சுரங்கவழி வெட்டும்.

டர்பன் பக்கம் எங்கே

போத்தாஸ் ஹில்லில், ஆர்103 பழைய சாலையோரக் காட்சிமேடையில் நின்று ஆயிரம் குன்றுப் பள்ளத்தாக்கைப் பாருங்கள். மேலே தட்டையாக, செங்குத்து விளிம்போடு இருப்பவை சுமார் 49 கோடி ஆண்டு நடால் மணற்கல். கீழே உருண்டையான குன்றுகள் 100 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கிரானைட்டும் நைஸும். செங்குத்து முடிந்து சரிவு தொடங்கும் கோடுதான் இயைபின்மை. கசிவு நீரால் அந்தக் கோடு நெடுகிலும் மரங்கள் சற்று அடர்த்தியாக இருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே எம்காம்பதினி மேசைமலையும் இதே கட்டமைப்பு. பக்கத்தில் போனால் மேலே அலைத்தடம் கலையாத மணற்கல், கீழே பட்டை பட்டையாக மடிந்த நைஸ். கீழ்ப்பாறை ஆழத்தில் வெந்து மடிந்து மேலே வந்து அறுபட்ட பிறகே மணல் வந்தது என்பதற்கு வேறு ஆதாரமே வேண்டாம்.

இரண்டாவது பரப்பு நடால் மணற்கல்லுக்கும் டுவைக்காவுக்கும் இடையே. புனித வெள்ளியன்று தீமிதிக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலுக்கு என்3இல் போகிறவர்கள் எல்லோரும் இதை ஒரு முறையாவது தாண்டுகிறார்கள். டுவைக்கா 30 கோடி ஆண்டுக்கு முன் பனிப்பாறை விட்டுச்சென்ற சேறு. நீலச்சாம்பல் நிறம், அதற்குள் பட்டாணி அளவிலிருந்து பாறாங்கல் வரை பல ஊர்க் கற்கள், கேசரியில் முந்திரி போல ஒன்றையொன்று தொடாமல். டர்பன் சுற்றுக் குவாரிகளில் ஜல்லிக்கு உடைப்பதும் இதைத்தான். இது பனியின் வேலை என்று நடாலின் நில அளவைத் தலைவராக இருந்த சதர்லாண்ட் 1870இல் எழுதினார். அப்போது பலருக்கு நம்பிக்கை வரவில்லை.

வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில், டுவைக்கா அகன்று, அதன் அடியிலிருந்த மணற்கல் தளத்தில் பனிப்பாறை கீறிய கோடுகள் தெரிகின்றன. மகளுக்கு முதல் இடமாக நான் சொல்வது இது. இங்கேயும் ஏமாறலாம்: பிளவுத் தளத்திலும் இணைகோடுகள் வரும், மண்வாரி இயந்திரப் பல்லும் கீறும். பனிக் கீறல் ஆழத்தில் ஒன்றுபோல் இருக்காது, சில கோடுகள் மற்றவற்றைச் சின்னக் கோணத்தில் வெட்டும், ஒரு முனையில் ஆழ்ந்து மறுமுனையில் மங்கும், இடையிடையே பிறைவடிவத் தெறிப்பு இருக்கும். பிளவுக் கோடுகள் துல்லிய இணை, குவார்ட்ஸோ கால்சைட்டோ நார்போலப் படிந்து படிப்படியாக இருக்கும். இயந்திரக் கீறலுக்குள் பாறையின் புது வெள்ளை நிறம் தெரியும். மதிய உச்சிவெயிலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை அல்லது மாலைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள்.

மூன்றாவது, போர்ட் எட்வர்டைத் தாண்டி எம்தாம்வுனா ஆற்றுக்குத் தெற்கே எம்சாம்பா கடற்கரை. அங்கே டெவோனியன் காலத்து எம்சிகாபா மணற்கல்லின்மேல் சுமார் 8 கோடி ஆண்டுக் கடல் படிவு. இடையில் 28 கோடி ஆண்டுபோல விடுபட்டிருக்கிறது. அடிக்கூழாங்கல் பட்டையும், கல்லான மரக்கட்டைகளும், அம்மோனைட்டுகளும் கிடக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினருக்கு அரியலூரில் இதே கிரெட்டேசியஸ் கடல் படிவு பழைய நைஸின்மேல் படிந்திருப்பதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு நீளும்.

போகும்போது: என்3 போன்ற ஃப்ரீவேயில் பாறை பார்க்க நிறுத்துவது சட்டப்படி தவறு, ஆபத்தும்கூட; பழைய சாலையில் போங்கள். சாப்மன்ஸ் பீக் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் சுத்தியல் எடுக்க வேண்டாம், லென்ஸ் போதும். எம்சாம்பாவில் பாறை வெளிப்படுவது வற்றுநீரில் மட்டும், ஆகவே அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளில், கடல் மட்டம் மிகத் தாழ்வதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அங்கே இருங்கள். நீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். 1999ஆம் ஆண்டின் 25ஆம் எண் மரபுவளச் சட்டப்படி அனுமதியின்றிப் புதைபடிவம் எடுப்பது குற்றம், கையளவு சிப்பியாக இருந்தாலும். அளவுகோலுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, தொடுகோட்டுக்கு மேலே ஒரு மீட்டர், கீழே ஒரு மீட்டர் என்ன பாறை, என்ன மணியளவு, என்ன சாய்வு என்று நோட்டில் எழுதிக்கொண்டு வந்தால் அவளுடைய கள அறிக்கைக்கு அது போதும்.